கேளுங்க, சொல்றேன்: கறுப்பின பெரியவங்ககிட்ட யாரும் கேக்காத கேள்வி

போன இதழ்ல வயசானவங்களுக்கு வர்ற மனச்சோர்வு பத்தி எழுதினேன்ல, அதுக்கு வந்த கடிதங்கள்ல நிறைய அமெரிக்கால ஹோம் கேர்லயும் ஹாஸ்பிட்டல்லயும் வேலை பாக்குற நம்ம ஆளுங்க எழுதினது, அவங்க பாத்துக்கற கறுப்பின தாத்தா பாட்டிங்கள பத்தி. அதனால இந்த தடவை பக்கம் முழுக்க அதுக்குத்தான். படிக்கிற உங்களுக்கே இப்ப உயிரோட இருக்க வேணாம்னு தோணிட்டு இருந்தா மத்தத அப்புறம் படிங்க, அமெரிக்கால இருந்தா தற்கொலை தடுப்பு உதவி எண் 988க்கு இப்பவே போன் பண்ணுங்க, டெக்ஸ்ட்டும் பண்ணலாம், ராத்திரி பகல் எந்நேரமும் எடுப்பாங்க.

கேள்வி: அக்கா, நான் ஃபிலடெல்ஃபியால ஹோம் ஹெல்த் எய்டா இருக்கேன். நான் பாத்துக்கற தாத்தாவுக்கு 79 வயசு, பஸ் டிரைவரா இருந்து ரிட்டயர் ஆனவர். போன குளிர்காலத்துல பாட்டி இறந்துட்டாங்க. முன்னெல்லாம் ஞாயித்துக்கிழமைன்னா சூட் போட்டு தொப்பி வெச்சு சர்ச்சுக்கு கிளம்பிடுவார், இப்ப போறதே இல்ல. "ஐயாம் டயர்ட், பேபி, ஐயாம் ரெடி டு கோ ஹோம்"னு சொல்லிட்டே இருக்கார். மாத்திரை டப்பால செவ்வாய், புதன், வியாழன் மூணு கட்டமும் அப்படியே இருக்கு. போன வாரம் அவரோட டூல் பாக்ஸ பக்கத்து வீட்டு பையனுக்கு தூக்கி குடுத்துட்டார். அட்லாண்டால இருக்கற பொண்ணுகிட்ட சொன்னா "டாடி ரொம்ப ஸ்ட்ராங், அவர் எப்பவும் அப்படித்தான் பேசுவார்"ங்கறாங்க. நான் ஓவரா யோசிக்கிறேனா?

பதில்: இல்லம்மா, நீங்க சரியாத்தான் யோசிக்கிறீங்க, அந்த வீட்ல கண்ணு திறந்து பாக்குற ஒரே ஆள் இப்போதைக்கு நீங்கதான்.

"ஆண்டவர்கிட்ட போக ரெடி"ன்னு அந்த தலைமுறை கறுப்பின கிறிஸ்தவங்க நிறைய பேர் சொல்வாங்க, அது மட்டும் வெச்சு பயப்பட வேண்டியதில்ல. நல்லா சாப்டுட்டு, பேரன் போனுக்கு காத்திருந்து, ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கு போய்ட்டு வந்து ஒரு பெரியவர் அப்படி சொன்னா அது அவரோட நிம்மதி. ஆனா உங்க தாத்தா விஷயத்துல அந்த பேச்சோட என்னென்ன சேந்து வருதுன்னு பாருங்க, மனைவி போய்ட்டாங்க, சர்ச் நின்னு போச்சு, மாத்திரை நின்னு போச்சு, காலமெல்லாம் கூட வெச்சிருந்த டூல்ஸ குடுத்துட்டார். இது நாலும் சேந்தா சும்மா விடக்கூடாது. மாத்திரை எடுக்காததுக்கு வேற காரணமும் இருக்கலாம், மறதியா இருக்கலாம், காசு பத்தாம இருக்கலாம், ஆனா சில பெரியவங்க சாவ சீக்கிரம் வரவழைக்கறதுக்கு எடுத்துக்கற சத்தமில்லாத வழியும் அதுதான், அதனால கேட்டே ஆகணும்.

இன்னொண்ணு, அவர் வாயால "சோகமா இருக்கு"ன்னு சொல்வார்னு காத்திருக்காதீங்க. இந்த வயசுல, அதுலயும் கறுப்பின ஆண்கள்கிட்ட, மனச்சோர்வு பெரும்பாலும் உடம்பு வழியாத்தான் பேசும், முதுகு வலிக்குது, தூக்கமே இல்ல, எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழறது, அப்புறம் அந்த "டயர்ட்". டாக்டர் இத வயசுக்கோளாறுன்னு எழுதிட்டு அடுத்த பேஷண்ட்ட கூப்பிட்டுடுவார்.

எப்படி கேக்கறதுன்னு சொல்றேன். சாக்ஸ் மாட்டிவிட்டுட்டே அவசரமா கேக்காதீங்க. டிவி சவுண்ட குறைச்சுட்டு, அவர் கண்ணுக்கு நேரா உக்காருங்க. கூப்பிடும்போது மிஸ்டர் போட்டு அவர் குடும்பப்பேரச் சொல்லி கூப்பிடுங்க, வெறும் பேர் வேண்டாம், ஏன்னா அவர் சின்ன வயசுல வெள்ளைக்காரங்க அவங்கப்பாவ, தாத்தாவ எல்லாம் வெறும் பேர் சொல்லியோ "பாய்"னோ தான் கூப்பிட்டாங்க, அந்த மிஸ்டர் அவருக்கு சும்மா வந்த மரியாதை இல்ல. அப்புறம் நீங்க பாத்தத வரிசையா சொல்லுங்க, மாத்திரை டப்பா, சர்ச், டூல் பாக்ஸ். சொல்லிட்டு, "இவ்ளோ கஷ்டத்துல இருக்கறவங்களுக்கு சில சமயம் உயிர மாய்ச்சுக்கலாம்னு தோணும், உங்களுக்கு தோணுதா?"ன்னு நேரா கேளுங்க. கேட்டுட்டு வாய மூடிட்டு காத்திருங்க. அந்த மௌனம் நீளமா இருந்தாலும் நீங்க நிரப்பாதீங்க.

ஆமான்னு சொன்னா, எப்படின்னு யோசிச்சு வெச்சிருக்காரா, வீட்ல துப்பாக்கி இருக்கான்னு கேளுங்க, தனியா விட்டுட்டு கிளம்பாதீங்க, அவர் பக்கத்துல உக்காந்தே ஸ்பீக்கர்ல போட்டு 988 கூப்பிடுங்க, உங்க ஏஜென்சி நர்ஸ் சூப்பர்வைசருக்கும் உடனே சொல்லிடுங்க. "யார்கிட்டயும் சொல்லாத"ன்னு கேட்டா, "உங்க உயிர் விஷயத்துல மட்டும் அந்த வாக்கு நான் தர முடியாது"ன்னு முன்னாடியே சொல்லிடுங்க. "சாகணும்னு இல்ல, ஆனா காலைல எந்திரிக்காமலே போய்ட்டா நல்லாருக்கும்"னு சொல்றவங்களும் உண்டு, அதையும் லேசா எடுத்துக்காதீங்க, அதுவும் அன்னைக்கே ரிப்போர்ட் பண்ண வேண்டியதுதான். இல்லவே இல்லன்னு சொன்னாலும் பாத்ததெல்லாம் நோட்ஸ்ல எழுதுங்க, டாக்டர் விசிட்ல மனச்சோர்வு டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க. பொண்ணுகிட்ட திரும்ப பேசும்போது "டல்லா இருக்கார்"னு பொதுவா சொல்லாம அந்த மாத்திரை டப்பாவ போட்டோ எடுத்து அனுப்புங்க, ஆனா முன்னாடியே சூப்பர்வைசர்கிட்டயும் தாத்தாகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுட்டு அனுப்புங்க. தூரத்துல இருக்கற பிள்ளைங்களுக்கு "ஸ்ட்ராங்"ங்கற வார்த்தை ஒரு ஆறுதல், அவங்கள குத்தம் சொல்லாதீங்க.

கேள்வி: நேரா கேட்டா நாமளே ஐடியா குடுத்த மாதிரி ஆயிடாதா?

பதில்: ஆகாது. இத எத்தனையோ ஆய்வுல பாத்துட்டாங்க, கேக்கறதால அந்த எண்ணம் புதுசா வர்றதில்ல, பல பேருக்கு பாரம் இறங்கின மாதிரிதான் இருக்கு. "நீங்க அந்த மாதிரி எல்லாம் யோசிக்க மாட்டீங்கல்ல?"ன்னு மட்டும் கேட்டுடாதீங்க, அப்படி கேட்டா இல்லன்னு தான் பதில் வரும், நீங்க பயப்படறீங்கன்னு அவங்களுக்கு புரிஞ்சிடும்.

கேள்வி: பப்ளிக் ஹெல்த் படிக்கிறேன். அமெரிக்கால தற்கொலை விகிதம் அதிகம் இருக்கறது வயசான வெள்ளைக்கார ஆண்கள்கிட்ட. கறுப்பின பெரியவங்க, அதுலயும் பெண்கள், பட்டியல்ல ரொம்ப கீழ இருக்காங்க. அப்போ இவங்களுக்குன்னு தனியா எதுக்கு தடுப்புத் திட்டம்?

பதில்: தம்பி, நீங்க சொல்ற கணக்கு சரிதான், அத மறைச்சு பேச மாட்டேன். கறுப்பின மக்கள்ல விகிதம் அதிகமா இருக்கறது இளைஞர்கள்கிட்ட தான். ஆனா விகிதம் கம்மின்னா வலி கம்மின்னு அர்த்தம் இல்ல, இந்த ஒரு குழப்பத்தாலதான் அவங்ககிட்ட யாரும் கேக்கறதே இல்ல.

மிச்சிகன் பல்கலைக்கழகத்துல ஜேம்ஸ் ஜாக்சன் தலைமையில 2001லேர்ந்து 2003 வரைக்கும் ஒரு பெரிய சர்வே எடுத்தாங்க, நேஷனல் சர்வே ஆஃப் அமெரிக்கன் லைஃப்னு பேரு. அதுல வாழ்நாள்ல எப்பவாவது கடுமையான மனச்சோர்வு வந்தவங்க ஆப்பிரிக்க அமெரிக்கர்கள்ல சுமார் 10 சதவீதம், வெள்ளையர்கள்ல சுமார் 18. இத்தோட நிறுத்தினா நல்ல செய்தி மாதிரி இருக்கும். வந்தவங்கள்ல எத்தனை பேருக்கு அது விடாம நீடிச்சுதுன்னு பாத்தா கறுப்பினத்தவங்க 56 சதவீதம், வெள்ளையர் 39. கடுமையா பாதிக்கப்பட்ட ஆப்பிரிக்க அமெரிக்கர்கள்லயே பாதிப் பேருக்கு கீழதான் ஏதாவது சிகிச்சை கிடைச்சிருக்கு. அதாவது வர்றது கம்மி, வந்தா விட்டுப் போறதில்ல, கூட யாரும் இல்ல. அதே சர்வேல 18 வயசு தாண்டின கறுப்பினத்தவங்க எல்லாரையும் சேத்து பாத்தா, சுமார் 12 சதவீதம் பேர் எப்பவாவது தற்கொலை பத்தி யோசிச்சிருக்கோம்னாங்க, 4 சதவீதம் பேர் முயற்சியே பண்ணியிருக்காங்க.

இறப்புச் சான்றிதழ்லயும் ஒரு சிக்கல் இருக்கு. கறுப்பினத்தவர் மரணம் "எப்படின்னு தீர்மானிக்க முடியல"ன்னு பதிவாகற வாய்ப்பு அதிகம்னு ஆய்வாளர்கள் காட்டியிருக்காங்க, அதுல தற்கொலை எத்தனை ஒளிஞ்சிருக்கோ. மருந்த நிறுத்தி, சாப்பாட்ட நிறுத்தி போனவங்க எந்தக் கணக்குலயும் வர மாட்டாங்க.

டான் கார்னீலியஸ் பேர் கேள்விப்பட்டிருப்பீங்களான்னு தெரியல. 1970ல சிகாகோல சோல் ட்ரெயின்னு டிவி ஷோ ஆரம்பிச்சவர், கறுப்பின இசையையும் டான்ஸையும் அமெரிக்கா முழுக்க வீட்டு ஹாலுக்குள்ள கொண்டு வந்தவர். 2012 பிப்ரவரி 1ம் தேதி, 75 வயசுல, தற்கொலையால இறந்தார். ரொம்ப நாளா உடம்பு முடியாம இருந்தார். பணம், புகழ், கம்பீரமான குரல் எல்லாம் இருந்த மனுஷன். இந்த வயசுல இந்த இனத்துல இது நடக்காதுன்னு நம்பிட்டு இருந்தவங்களுக்கு அன்னைக்கு விழுந்த அடி சாதாரணம் இல்ல.

கேள்வி: அலபாமால ரெசிடென்ஸி பண்றேன். 84 வயசு பாட்டி, மனச்சோர்வு தெளிவா தெரியுது, சைக்கியாட்ரிஸ்ட்டுக்கு ரெஃபர் பண்ணா "எனக்கு பைத்தியம் இல்ல"ன்னு எழுந்து போய்ட்டாங்க. குடும்பமும் அவங்க பக்கம்தான். எப்படி புரிய வைக்கறது?

பதில்: டாக்டர் தம்பி, முதல்ல நீங்க புரிஞ்சுக்கணும். நீங்க வேலை பாக்குற அதே மாநிலத்துல, மேகன் கவுன்ட்டில, 1932லேர்ந்து 1972 வரைக்கும் அரசாங்கத்தோட பொது சுகாதாரத் துறை 399 கறுப்பின ஆண்களோட சிஃபிலிஸ் நோய்க்கு மருந்து குடுக்காம, நோய் எப்படி முத்துதுன்னு வேடிக்கை பாத்துச்சு, ஒப்பிட்டுப் பாக்க நோய் இல்லாத 201 பேர். பெனிசிலின் வந்து சாதாரணமா கிடைக்க ஆரம்பிச்ச அப்புறமும் குடுக்கல. டஸ்கீகீன்னு சொன்னா அங்க எல்லாருக்கும் தெரியும். அது வெளிய வந்தப்ப உங்க பாட்டிக்கு முப்பது வயசு ஒட்டி இருக்கும், குழந்தைங்கள தூக்கிட்டு கிளினிக் போற வயசு. ஜனாதிபதி கிளின்டன் மன்னிப்பு கேட்டது 1997ல தான்.

மனநல ஆஸ்பத்திரி கதை இன்னும் மோசம். மேரிலாண்ட்ல க்ரௌன்ஸ்வில்னு ஒரு ஆஸ்பத்திரி, 1911ல கறுப்பினத்தவருக்குன்னு தனியா ஆரம்பிச்சாங்க, அந்த கட்டடத்த கட்ட வெச்சதே நோயாளிங்கள வெச்சுத்தான், 2004 வரைக்கும் இருந்துச்சு. தென் மாநிலங்கள்ல பல ஆஸ்பத்திரிங்க கறுப்பினத்தவர வெள்ளையர் வார்டுல சேக்க ஆரம்பிச்சதே 1966ல மெடிகேர் (65 வயசு தாண்டினவங்களுக்கான அரசாங்க மருத்துவக் காப்பீடு) பணம் வேணும்னா பாகுபாடு கூடாதுன்னு அரசாங்கம் கைய முறுக்கின அப்புறம்தான். இன்னைக்கும் அதே அறிகுறி இருந்தாலும் கறுப்பினத்தவருக்கு மனச்சோர்வுன்னு எழுதாம ஸ்கிசோஃப்ரினியான்னு எழுதிடறது அதிகம்னு திரும்பத் திரும்ப நிரூபிச்சிருக்காங்க. அந்த பாட்டி எழுந்து போனது அறியாமையால இல்ல, அவங்களுக்கு தெரிஞ்சது உங்களுக்கு தெரியாததால.

அதனால ரெஃபரல் சீட்ட கொஞ்சம் தள்ளி வைங்க. தூக்கம், பசி, வலி பத்தி பேசுங்க, அடுத்த தடவையும் நீங்களே பாருங்க, ஆள மாத்தி மாத்தி அனுப்பாதீங்க. மனச்சோர்வ அளக்கற பி.எச்.க்யூ 9 கேள்விப் படிவத்த வெயிட்டிங் ரூம்ல கையில குடுத்து நிரப்பச் சொல்லாம நீங்க உக்காந்து கேளுங்க, சாகணும்னு தோணுதான்னு கேக்கற கடைசி கேள்விய முணுமுணுத்துட்டு தாண்டாதீங்க. சிகிச்சையும் உங்க கிளினிக்குள்ளயே முடியற மாதிரி பாருங்க. 2002ல வந்த இம்பாக்ட் ஆய்வுல 60 வயசு தாண்டின 1,801 பேர்ல சுமார் பாதிப் பேருக்கு, அவங்க வழக்கமா போற கிளினிக்லயே ஒரு நர்ஸோ சைக்காலஜிஸ்ட்டோ கூட இருந்து பின்தொடர்ந்தாங்க, ஒரு வருஷத்துல அவங்கள்ல 45 சதவீதம் பேருக்கு அறிகுறி பாதியா குறைஞ்சுது, வழக்கமான சிகிச்சைல இருந்தவங்களுக்கு 19 தான். தற்கொலையால இறந்த வயசானவங்க நிறைய பேர் அதுக்கு முந்தின மாசம்தான் சொந்த டாக்டர பாத்துட்டு வந்திருக்காங்க, அந்த டாக்டர் நீங்களா இருக்கலாம்.

கேள்வி: அக்கா, என் வீட்டுக்காரர் ஆப்பிரிக்க அமெரிக்கர், டெட்ராய்ட். மாமியாருக்கு 71. அவங்க சர்ச்ல "சர்ச் மதர்", எல்லாரும் பிரார்த்தனைக்கு அவங்ககிட்ட தான் வருவாங்க. மூத்த மகன் இறந்து ரெண்டு வருஷம் ஆச்சு, அவரோட பொண்ண இவங்கதான் வளர்க்கறாங்க. ராத்திரி கிச்சன்ல லைட் போடாம உக்காந்திருக்காங்க. கவுன்சிலிங்னு சொன்னா "ஐ டுக் இட் டு த லார்ட்"ங்கறாங்க, வீட்டுக்காரர் "எங்க வீட்ல இதெல்லாம் பழக்கம் இல்ல"ங்கறார். மருமகள் நான் எப்படி பேசறது?

பதில்: சர்ச்சா சிகிச்சையான்னு எதிரெதிரா நிறுத்திடாதம்மா, நிறுத்தினா சர்ச் தான் ஜெயிக்கும், ஜெயிக்கவும் வேணும், அடிமைக் காலத்துலேர்ந்து அந்த மக்கள உயிரோட வெச்சிருந்தது அந்த நம்பிக்கை. கறுப்பின பெரியவங்க தற்கொலை பக்கம் கம்மியா போறதுக்கு சர்ச்சும் குடும்பமும் தர்ற பிடிப்பு பெரிய காரணம்னு ஆய்வாளர்களும் சொல்றாங்க. ஆனா உன் மாமியார் நிலைமைல ஒரு சிக்கல் இருக்கு, எல்லாரோட பாரத்தையும் அவங்க வாங்கிக்கறாங்க, அவங்க பாரத்த எங்க இறக்குவாங்க? "ஸ்ட்ராங் பிளாக் வுமன்"னு ஊரே கையெடுத்து கும்பிடற பெண்ணுக்கு அழறதுக்கு இடம் கிடைக்கறது ரொம்ப கஷ்டம்.

பிள்ளைய பறிகொடுத்த சோகம் ரெண்டு வருஷத்துல முடியாது. அமெரிக்கால கறுப்பினத்தவங்க வெள்ளையர விட சீக்கிரமாவும் அதிகமாவும் நெருங்கினவங்கள இழக்கறாங்க, பெத்த பிள்ளைய இழக்கறதும் அவங்ககிட்ட தான் அதிகம். அதனால கவுன்சிலிங்னு ஆரம்பிக்காத. அவங்க லைட் போடாம உக்காந்திருக்கும்போது நீயும் போய் பக்கத்துல உக்காரு, இறந்த மகன் பேரச் சொல்லி பேசு, அந்த வீட்ல அவர் பேர எல்லாரும் தவிர்க்கறாங்கன்னு தோணுது. மாமியார்கிட்ட இத எப்படி கேக்கறதுன்னு கூச்சப்படாம அந்த நேர்கேள்வியையும் கேட்டுடு. பாஸ்டர் மனைவிய, அங்க ஃபர்ஸ்ட் லேடின்னு சொல்வாங்க, தனியா பாத்து சொல்லு, நிறைய கறுப்பின சர்ச்சுகள்ல இப்ப மெண்டல் ஹெல்த் மினிஸ்ட்ரியே இருக்கு, பாஸ்டர் வாயிலேர்ந்து "டாக்டர்கிட்ட போறது விசுவாசக் குறைவு இல்ல"ன்னு ஒரு தடவை வந்தா நாம பத்து தடவை சொல்றத விட எடுபடும்.

உன் வீட்டுக்காரருக்கு ஒரு விஷயம் சொல்லு. ஃபிலடெல்ஃபியா ஜெர்மன்டவுன் பக்கம் ஒரு சீனியர் சென்டரோட சேந்து, 55 வயசு தாண்டின 208 ஆப்பிரிக்க அமெரிக்கர்கள வெச்சு ஒரு ஆய்வு நடந்துச்சு, 2013ல வெளியாச்சு. சோஷியல் வொர்க்கர் வீட்டுக்கே வந்து, ஒரு மணி நேரம், பத்து தடவை வரைக்கும். மனசு பத்தி மட்டும் பேசாம கரன்ட் பில், டாக்டர் அப்பாயின்ட்மென்ட், நின்னு போன பழைய பழக்கத்த திரும்ப ஆரம்பிக்கறது எல்லாத்துலயும் கூட நின்னாங்க. நாலு மாசத்துல 44 சதவீதம் பேர் மனச்சோர்வுலேர்ந்து வெளிய வந்தாங்க, காத்திருப்புப் பட்டியல்ல இருந்தவங்கள்ல 27. "பழக்கம் இல்ல"ங்கறவங்க வீட்டுக்குள்ளயே நடந்த விஷயம் இது.

மெடிகேர்ல வருஷத்துக்கு ஒரு தடவை மனச்சோர்வு டெஸ்ட் இலவசம், 2024 ஜனவரிலேர்ந்து லைசென்ஸ் உள்ள கவுன்சிலர்களையும் மெடிகேர் ஏத்துக்குது, வீட்லேர்ந்தே வீடியோலயும் பேசலாம். கறுப்பின தெரபிஸ்ட் தான் வேணும்னு கேட்டா அது நியாயமான ஆசை, ஆனா தேட வேண்டியிருக்கும், அமெரிக்க சைக்கியாட்ரிஸ்ட்டுகள்ல கறுப்பினத்தவர் சுமார் 2 சதவீதம் தான். 1968லேர்ந்து அசோசியேஷன் ஆஃப் பிளாக் சைக்காலஜிஸ்ட்ஸ்னு ஒரு அமைப்பு இருக்கு, அங்கிருந்து தேட ஆரம்பிங்க.

கேள்வி: பக்கத்து வீட்டு அங்கிள், கறுப்பினத்தவர், வியட்நாம் போர்ல இருந்தவர். சமீபமா பேச்சு சரியில்ல. வீட்ல துப்பாக்கி இருக்கு. புடுங்கி வைக்கவா முடியும்?

பதில்: புடுங்காதீங்க, அத பேசவும் அந்த வார்த்தை வேண்டாம். தென் மாநிலத்துலேர்ந்து வந்த கறுப்பின குடும்பங்களுக்கு அந்த துப்பாக்கி, க்ளான்ங்கற வெள்ளை இனவெறிக் கும்பல் ஆளுங்க ராத்திரி வாசல்ல வந்து நின்ன காலத்துலேர்ந்து கூட இருக்கறது. "உங்களுக்கு மனசு சரியாகற வரைக்கும் உங்க தம்பி வீட்ல வெச்சுக்கலாமா"ன்னு அவர் நம்பற ஒருத்தர வெச்சு கேளுங்க, முடியலன்னா பூட்டு போட்டு, குண்டுகள வேற இடத்துல, சாவி வேற ஆள்கிட்ட. அந்த நெருக்கடி உச்சத்துல இருக்கற நேரம் பல சமயம் கொஞ்ச நேரம்தான், அது கடக்கற வரைக்கும் கைக்கு எட்டாம இருந்தா போதும். வி.ஏ.வில, அதாவது முன்னாள் ராணுவத்தினருக்கான அரசுத் துறைல, துப்பாக்கிப் பூட்டு இலவசமா தர்றாங்க. 988 கூப்பிட்டு 1 அழுத்தினா முன்னாள் ராணுவத்தினருக்கான லைன். 2023 ஜனவரிலேர்ந்து தற்கொலை நெருக்கடில இருக்கற தகுதியுள்ள முன்னாள் ராணுவத்தினர் வி.ஏ.ல பதிவு பண்ணாம இருந்தாக்கூட எந்த ஆஸ்பத்திரிக்கும் போகலாம், அவசர சிகிச்சை செலவு வி.ஏ.வோடது.

கேள்வி: 988 கூப்பிட்டா போலீஸ் வந்துடுமோன்னு என் பேஷண்ட் குடும்பம் பயப்படுது. அந்த பயம் சரியா?

பதில்: பயத்துக்கு காரணம் இருக்கு. 2020 அக்டோபர் 26ம் தேதி ஃபிலடெல்ஃபியால வால்டர் வாலஸ் ஜூனியர்னு 27 வயசு கறுப்பின இளைஞர், மனநல நெருக்கடில இருந்தப்ப குடும்பம் உதவிக்கு கூப்பிட்டுச்சு, வந்த போலீஸ் அம்மா கண்ணு முன்னாடியே சுட்டுட்டாங்க. அத பாத்த எந்த வீட்லயும் போன எடுக்க கை நடுங்கத்தான் செய்யும்.

ஆனா 988 வேற, போலீஸ், ஆம்புலன்ஸ கூப்பிடற அவசர எண் 911 வேற. 2022 ஜூலை 16லேர்ந்து நடக்கற 988ல எடுக்கறவர் பயிற்சி எடுத்த கவுன்சிலர், பெரும்பாலான அழைப்பு பேச்சுலயே முடியுது, ஆம்புலன்ஸோ போலீஸோ அனுப்பற நிலைமை 2 சதவீதத்துக்கும் கம்மி. எடுத்த உடனே "போலீஸ் வேண்டாம், மொபைல் க்ரைசிஸ் டீம் இருக்கா"ன்னு கேளுங்க, நேர்ல வர்ற மனநல குழு அது, நிறைய ஊர்ல இருக்கு. உயிர் போற காரியம் ஏற்கனவே நடந்துட்டா மட்டும் யோசிக்காம 911, அப்பவும் "மனநல நெருக்கடி, வயசானவர், கையில ஆயுதம் இல்ல"ன்னு, அது உண்மைன்னா, முதல் வரிலயே சொல்லுங்க.

நெருக்கடி இல்ல, தனிமைதான் கொல்லுதுன்னா சீனியர் சென்டர், வீட்டுக்கு சாப்பாடு, வண்டி இதெல்லாம் எங்க கிடைக்கும்னு எல்டர்கேர் லொகேட்டர்ல கேக்கலாம், 1-800-677-1116, வார நாள்ல எடுப்பாங்க. ஸ்மார்ட்போன் இல்லாத பெரியவங்க வீட்டு லேண்ட்லைன்லேர்ந்தும் 988 போகும், காது கேக்காதவங்க 711 அழுத்தி அப்புறம் 988. நம்பர பெரிய எழுத்துல எழுதி போன் பக்கத்துலயே ஒட்டி வெச்சிடுங்க, அவங்க முன்னாடியே ஒட்டுங்க, எதுக்குன்னும் சொல்லிடுங்க.